கடைசி வாங்கு

சவுத்தால் ரயில் நிலையத்தில் இறங்குபவர் கண்ணில் முதலில் படுவது பெயர்ப்பலகை. ஆங்கிலத்துடன் குர்முகி எழுத்திலும் ஊரின் பெயர் அதில் இருக்கிறது. அதன் முன் நின்று படமெடுத்துக் கொள்பவர்களை இப்போதும் காண்கிறேன். ஒரு மொழி நிலையப் பலகையில் ஏறுவதற்கு முன்னர் அதைப் பேசியவர்கள் எத்தனை வகுப்பறைகளில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பலகை சொல்வதில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை. பலகையில் இன்னும் ஏறாத எம்மவர்களைப் பற்றியும்தான்.

1988 மாரியில் நானும் அப்படியொரு வகுப்பில் இருந்தேன். பகலில் பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை, கிழமையில் இரண்டு மாலை ஆங்கில வகுப்பு. யாழ்ப்பாணத்துப் பெடியள் இரண்டு பேர், சோமாலியாவிலிருந்து வந்த ஒரு பெண், மிச்சம் எல்லாம் பஞ்சாபித் தாய்மார். அவர்களில் அறுபதைக் கடந்த ஒருவரை எல்லோரும் மாதாஜி என்போம். இருபது வருடம் தொழிற்சாலையில் நின்று உழைத்த கைகள். வகுப்பில் பாடம் நடக்கும்போதும் கம்பளி நூல் பின்னிக் கொண்டிருப்பார்.

நத்தார் விடுமுறைக்கு முந்திய வகுப்பன்று ஆசிரியை ஒரு வீடியோ கொண்டு வந்தார். நல்ல மனுசி, எங்களை மகிழ்விக்க வேண்டும் என்றுதான் கொண்டு வந்தார். ‘மைன்ட் யுவர் லாங்குவேஜ்’ போட்டார். நாங்கள் இரண்டு தமிழ்ப் பெடியளும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்களுக்கு அது பழைய நண்பன். யாழ்ப்பாணத்தில் ஜெனரேற்றர் பிடித்து, அயலெல்லாம் கூடியிருந்து, விடிய விடியப் பார்த்த படங்களோடு அதையும் பார்த்திருந்தோம். திரையில் ஆங்கிலம் தெரியாத இந்தியப் பெண்ணொருத்தி வகுப்பிலிருந்து பின்னிக் கொண்டிருந்தாள். அவளுடைய பெயர் ஜமீலா. ஒவ்வொரு முறை அவள் வாய் திறந்தபோதும் சிரிப்பொலி எழுந்தது.

மாதாஜி ஒன்றும் பேசவில்லை. நூலைச் சுற்றி, ஊசிகளைச் சேர்த்துப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்குப் பின்னலைக் கொண்டு வந்ததேயில்லை.

சிரித்தவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

அந்தத் தொடரைப் பற்றிச் சில விபரங்கள். வின்ஸ் பவல் எழுதி, லண்டன் வீக்கென்ட் நிறுவனம் தயாரித்து, 1977 டிசெம்பர் இறுதியில் ஐ.ரி.வி.யில் தொடங்கியது. பரி எவன்ஸ் நடித்த ஜெரமி பிறவுண் என்ற இளம் ஆசிரியர், பல நாட்டவர்கள் நிறைந்த மாலை வகுப்பொன்றுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். இத்தாலியன் பெண்களைத் துரத்துவான், ஜேர்மன்காரி அதிகாரம் பண்ணுவாள், சீக்கியர் ஒவ்வொரு பிழைக்கும் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்பார். 1979 இல், நிலையத்தில் பொறுப்பிலிருந்த மைக்கல் கிறேட் இனவார்ப்புகள் புண்படுத்துகின்றன என்று தொடரை நிறுத்தினார். 1986 இல் வேறொரு தயாரிப்பில் சிறிது காலம் திரும்பி வந்து போயிற்று.

எம்மவரில் பலருக்குத் தெரியாத இன்னொரு விபரம்: ரஞ்சித் சிங் என்ற அந்தச் சீக்கியராக நடித்த அல்பேர்ட் மோசஸ் கம்பளையில் பிறந்தவர். 2017 இல் காலமானார். பாகிஸ்தானியரான அலியாக நடித்த டினோ ஷபீக் டாக்காவில் பிறந்தவர். எங்கள் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்த கலைஞனுக்கு அன்றைய பிரித்தானியத் தொலைக்காட்சியில் கிடைத்த இடம் அந்த வகுப்பறையின் வாங்குதான். நடிகரை நான் குறை சொல்லவில்லை. பெற்றோல் ஸ்ரேஷனில் நானும் எனக்குக் கிடைத்த இடத்தில்தான் நின்றேன்.

தொடர் நிறுத்தப்பட்ட அதே 1979 இல் சவுத்தாலில் என்ன நடந்தது? ஏப்ரல் 23 அன்று நஷனல் ஃப்ரன்ட் இனவாதிகள் இங்கு கூட்டம் வைத்தபோது ஊரே எதிர்த்துத் திரண்டது. அந்த எதிர்ப்பில் பங்குகொள்ள வந்த பிளெயர் பீச் என்ற நியூசிலாந்துக்காரர் தலையில் அடிபட்டு இறந்தார். அடித்தது ஒரு பொலிஸ்காரராகவே இருக்கக் கூடும் என்று பொலிசாரின் சொந்த விசாரணை அறிக்கையே சொன்னது. அந்த அறிக்கை வெளிவர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளெயர் பீச் ஓர் ஆசிரியர். சவுத்தாலில் இன்று அவர் பெயரில் ஓர் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. ஒரே காலத்தில் இரண்டு வெள்ளை ஆசிரியர்கள்: ஒருவர் திரையில் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், மற்றவர் தெருவில் எங்கள் பக்கம் நின்று உயிரை விட்டார். எங்கள் வீடுகளில் எந்த ஆசிரியரின் பெயர் தெரியும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வகுப்பறை இங்கு வெறும் பகிடிக்கான இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு பாடசாலையில் குடிவந்தவர்களின் பிள்ளைகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 1965 இல் கல்வித் திணைக்களம் சுற்றறிக்கை அனுப்பியது. அதைப் பிடித்துக் கொண்டு சவுத்தால் பிள்ளைகளைப் பஸ்களில் ஏற்றித் தூரத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். மாதாஜியின் மகனும் அப்படிப் போனவர்களில் ஒருவன். அந்தப் பெண்ணிடம்தான் நாங்கள் ஒரு வீடியோவைப் போட்டுச் சிரி என்றோம்.

“அண்ணை, இது பகிடிதானே” என்று சொல்பவர்கள் இவ்விடத்தில் குறுக்கிடுவார்கள். எமது நாடுகளில் அந்தத் தொடரை எவ்வளவு விரும்பிப் பார்த்தார்கள், எத்தனை நாடுகளில் தங்கள் தங்கள் மொழியில் மறுபடி எடுத்தார்கள், புண்பட்டிருந்தால் எடுத்திருப்பார்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மறுதயாரிப்புகளுக்கே போவோம். விடை அங்கேதான் கிடக்கிறது.

1986 இல் அமெரிக்கர்கள் ‘வட் எ கன்ட்றி’ என்று எடுத்தார்கள். அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கும் குடியேறிகளின் வகுப்பு. ஒரே பருவத்துடன் படுத்துவிட்டது. 1993 இல் தூர்தர்ஷனின் மெற்றோ அலைவரிசையில் ‘ஸபான் சம்பால்கே’ வந்தது. இங்கு வகுப்பு ஹிந்தி வகுப்பு. ஆசிரியராக பங்கஜ் கபூர்: பொறியியல் படித்து வேலை கிடைக்காமல் மொழி கற்பிக்க வந்தவர். மாணவர்களோ ஹிந்தி தெரியாத பல மாநிலத்தவரும் பல நாட்டவரும். வெள்ளைக்கார எழுத்தாளர் ஒருவராக டொம் ஓல்ட்டரும் வாங்கில் உட்கார்ந்திருந்தார். வட இந்தியாவில் அதை இன்றும் ஆசையோடு நினைவு கூருகிறார்கள். 2012 இல் மலேசியாவில் அஸ்ற்றோவில் வந்த ‘ஓ மை இங்லிஷ்’ பல பருவங்கள் ஓடியது. அதில் ஆசிரியர் வெளிநாட்டுக்காரர், மாணவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள். ஊரையும் பிள்ளைகளையும் விளங்காமல் அந்தரப்படுவது பெரும்பாலும் ஆசிரியர்தான். 2015 இல் இந்தோனேசியாவில் ‘கெலாஸ் இன்ரர்நஷனல்’ வந்தது. அங்கு பிற நாட்டவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து இந்தோனேசிய மொழியில் நாக்குப் புரளாமல் தவிக்கிறார்கள்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஊன்றி நின்றவை பெரும்பாலும் மொழியை மட்டும் மாற்றியவை அல்ல. யார் வாத்தியார் கதிரையில், யார் வாங்கில் என்பதை மாற்றியவை. அமெரிக்கர்கள் லண்டன் வகுப்பறையை அப்படியே தூக்கிக் கொண்டு போனார்கள். வந்தவன் வாங்கில், நாட்டுக்காரன் கதிரையில். மற்றவர்கள் கதிரையைத் தமது பக்கம் இழுத்தார்கள், அல்லது கதிரையில் இருப்பவனையே சிரிப்புக்கு உரியவன் ஆக்கினார்கள். உள்ளூர்ப் பார்வையாளர் வேற்றுநாட்டு நிகழ்ச்சியொன்றின் மறுவார்ப்பை ஏற்றுக் கொள்வது அதில் தாம் கடைசி வாங்கில் இல்லை என்று கண்டுகொண்ட பிறகுதான் என்பது என் துணிபு.

இதிலுள்ள ஆபத்தையும் மறைக்கக் கூடாது. தூர்தர்ஷன் வகுப்பறையை ஒரு தமிழனாகப் பாருங்கள். கதிரை லண்டனிலிருந்து டில்லிக்கு வந்தது, சரி. ஆனால் ஹிந்தி தெரியாதவன் இப்போது வாங்கில் இருக்கிறான். 1965 இல் அதை மறுத்து உயிர் கொடுத்த மாணவர்களின் ஊருக்கு, 1993 இல் அதே வகுப்பறை பகிடியாக வந்து சேர்ந்தது. அதே 1993 இல் சென்னையில் சன் ரீவி தொடங்கியதையும் நினைத்துப் பார்க்கிறேன். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி வகுப்பை விட்டு எழுந்து போக அங்கிருந்தவனுக்கு வழி இருந்தது.

எங்களுக்கு? என் தகப்பனார் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். 1956 இல் சிங்களம் மட்டும் வந்தது. 1960களில், நடுவயதில், அவர் சிங்களப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தார். பரீட்சித்தவன் அவருடைய மகன் வயதுக்காரன். வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றாமல் திண்ணையில் இருந்த அவருடைய முகத்தை நான் மறக்கவில்லை. சிங்களப் படங்களிலும் நாடகங்களிலும் கொச்சைச் சிங்களம் பேசும் தமிழன் எப்போதும் கைதட்டல் வாங்கும் பாத்திரம். அதே சிங்களவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பார்கள். வாள் என்று அர்த்தம். தன்னை வெட்டும் வாளுக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவனுக்கு, தன் கையிலிருந்த வாள் தெரியவில்லை.

தமிழ்நாடும் எங்களை வாங்கில்தான் வைத்தது. 2000 இல் வந்த ‘தெனாலி’ யை எடுத்துக் கொள்ளுங்கள். ‘வட் அபவுட் பொப்’ என்ற 1991 ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தின் கதையமைப்பைத் தழுவியது. அமெரிக்கப் படத்தில் எதற்கும் பயப்படும் ஒரு நோயாளி. தமிழில் அந்த நோயாளி ஈழத்து அகதி. கமல்ஹாசன் எங்கள் பேச்சை அக்கறையோடு பயின்று பேசினார், மறுக்கவில்லை. ஆனால் மறுவார்ப்புக்கு ஒரு பயந்தாங்கொள்ளி தேவைப்பட்டபோது, தேடிப் போய்ப் பிடித்தது குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவனை. லண்டனில் அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், எங்கட தமிழ் படத்தில் வருகிறது என்று பெருமையும் பட்டோம்.

2019 இல் அதே கமல்ஹாசன் நடத்திய ‘பிக் பாஸ்’ மூன்றாம் பருவம். 1999 இல் ஒல்லாந்தில் பிறந்த ‘பிக் பிறதர்’ இன் தமிழ் வடிவம். கிளிநொச்சியைச் சேர்ந்த செய்தி வாசிப்பாளர் லொஸ்லியாவும் இலங்கையிலிருந்து வந்த தர்ஷனும் அந்த வீட்டுக்குள் போனார்கள். புகலிடத்து வீடுகளில் இரவுச் சாப்பாடு அந்த நிகழ்ச்சியின் நேரத்துக்கு மாறியது. அவர்களுடைய தமிழ் இனிமை என்று கொஞ்சினார்கள். பிறகு, பல வருடம் பிரிந்து கனடாவில் இருந்த லொஸ்லியாவின் தகப்பனாரை வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். மகள் கதறினாள். சவுத்தாலில், ஹரோவில், ஸ்காபறோவில் நாங்களும் கதறினோம். அந்த அழுகை பொய்யல்ல. ஒல்லாந்துக்காரன் கண்டுபிடித்த ஒரு விளையாட்டு எங்கள் உண்மையான காயத்தில் போய்க் குத்தியது. ஆனால் எங்கள் பிரிவு யாருடைய நிகழ்ச்சிக்கு உச்சக்கட்டம் ஆயிற்று? சிரிப்பதற்கு ஒரு முறை, அழுவதற்கு ஒரு முறை; இரண்டு முறையும் வகுப்பை நடத்தியவர்கள் வேறு ஆட்கள்.

இதுவரை எழுதியது மற்றவர்களைப் பற்றி. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை வாசகருக்குச் சுகமாக இருந்திருக்கும். சென்ற வருடம் மேற்கு லண்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த ஆண்டு விழாவைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

நடனங்கள், பேச்சுக்கள் முடிந்து பிள்ளைகளின் நாடகம். ‘தமிழ் மைன்ட் யுவர் லாங்குவேஜ்’ என்று அறிவித்தார்கள். எல்லோரும் இங்கு பிறந்த பிள்ளைகள், பதினாறு பதினேழு வயது. கோட் போட்ட பெடியன் ஒருவன் மிஸ்டர் பிறவுண். வாங்கில் இருந்தவர்கள் சாரம் கட்டிய ஒரு தாத்தா, வெற்றிலை போடும் அம்மம்மா, ஒரு கடை முதலாளி, வன்னியிலிருந்து புதிதாக வந்த ஒரு பெடியன். தாத்தா டொக்டரிடம் போய் ‘அப்பொயின்ற்மென்ற்’ கேட்பதற்குப் பதில் ‘ஒயின்ற்மென்ற்’ கேட்கிறார். மண்டபம் அதிர்ந்தது. வன்னிப் பெடியன் ஹோம் ஒபிஸ் கேள்விக்கு விளங்காமல் “யெஸ், யெஸ்” என்று தலையாட்டுகிறான். இன்னும் பலமாக அதிர்ந்தது.

எனக்குப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் தாயார். போர் முடிந்த அடுத்த வருடம், 2010 இல், வந்தவர். எல்லோரும் சிரித்தபடியால் அவரும் சிரித்தார். “என்னடா பகிடி?” என்று பேரனைக் கேட்டார். அவன் கையை அசைத்து விட்டான். விழா முடிந்து 207 பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது மெதுவாகச் சொன்னார்: “நான் இப்ப டொக்டரிட்டத் தனியப் போறேல்லைத் தம்பி. பேரன் வந்தாத்தான் போவன். அவனுக்கும் என்னோட வர வெக்கமாம்.”

விழாவை ஒழுங்கு செய்தவர்களில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அண்ணை, நீங்கள் எல்லாத்திலயும் அரசியல் பாக்கிறியள். பிள்ளையள் தமிழில நாடகம் போட்டதே பெரிய விசயம்” என்றார். அவருக்கு அப்போது சொல்ல முடியாமல் போனதை இங்கு சொல்கிறேன்.

தம்பி, பிள்ளைகள் தமிழில் போட்டது பெரிய விசயம்தான். ஆனால் தமிழில் எடுத்ததால் ஒரு பகிடி தமிழர்களுடையது ஆகிவிடாது. எங்கள் பிள்ளைகள் அந்த வகுப்பறையில் ஒரு வாங்கையும் அசைக்கவில்லை. 1977 இல் வின்ஸ் பவல் போட்ட இடத்திலேயே எல்லாம் கிடந்தது. மாறியது ஒன்றுதான்: கதிரையில் எங்கள் பிள்ளை, கடைசி வாங்கில் அவனுடைய அம்மம்மா. இந்தோனேசியன் எடுத்தபோது பிற நாட்டவனை வாங்கில் வைத்தான். மலேசியன் வாத்தியாரைத் தடுமாற வைத்தான். எங்களுக்கு வாய்ப்பு வந்தபோது நாங்கள் எங்கள் கிழவர்களைக் கொண்டு போய் அங்கே இருத்தினோம்.

மண்டபம் ஏன் சிரித்தது? நான் யோசித்துப் பார்த்தேன். எண்பத்தைந்தில் வந்தவர் தொண்ணூற்றைந்தில் வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார். தொண்ணூற்றைந்தில் வந்தவர் 2009 இற்குப் பிறகு வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் இன்னொரு வாங்கு இருப்பதைத் திரும்பிப் பார்த்து நிம்மதியடைகிறார்கள். விளங்காமல் “யெஸ்” சொன்னவனுக்கு என்ன நடக்கும் என்று அந்த மண்டபத்தில் எங்களுக்கா தெரியாது? நேர்காணலில் மொழி பிசகி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, வருடக்கணக்காக மேன்முறையீட்டில் அலைந்தவர்கள் அந்த மண்டபத்திலேயே இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

பகிடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிரிக்கத் தெரியாத அகதி இரண்டு முறை தோற்றவன். ஆனால் இதே மேற்கு லண்டன் வேறு விதமாகவும் சிரித்திருக்கிறது. ஹவுன்ஸ்லோவில் வளர்ந்த சஞ்சீவ் பாஸ்கரும் மீரா சயாலும் மற்றவர்களும் செய்த ‘குட்னெஸ் கிறேஷஸ் மீ’ 1998 இல் பி.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் பம்பாயில் ஒரு ஆங்கிலச் சாப்பாட்டுக் கடை. குடித்துவிட்டு வந்த இந்தியர்கள் பரிமாறுபவனின் ஆங்கிலப் பெயரைக் கடித்துத் துப்புகிறார்கள், இருப்பதிலேயே உப்புச் சப்பில்லாத சாப்பாடு எது என்று கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவில் எங்கள் கடைகளில் நடப்பதை அப்படியே எடுத்து, ஆட்களின் இடத்தை மட்டும் மாற்றினார்கள். வெள்ளைக்காரரும் சிரித்தார்கள். தங்களையே கண்டு சிரித்தார்கள்.

எங்களிடம் அதற்குப் பொருள் இல்லையா? ஒரு தமிழ்க் குடும்பம் அலுவலகக் கவுன்ரரில் பெயர் கொடுக்கும் காட்சி ஒன்று போதும். தகப்பனின் பெயர் எது, குடும்பப் பெயர் எது, மனைவிக்கும் புருசனுக்கும் ஏன் வேறு வேறு பெயர், பிள்ளைக்கு ஏன் மூன்றாவது பெயர் என்று தலையைப் பிய்க்கும் அதிகாரி. படிவத்தில் பெட்டி போதாமல் பாதியில் நிற்கும் இருபத்தைந்து எழுத்துப் பெயர். அதை ஒவ்வொரு எழுத்தாக, பொறுமையாக, அம்மம்மா சொல்லிக் கொடுக்கிறார். அதிகாரி வாங்கில் இருந்து எழுதுகிறான். பிழை விட்டால் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்கட்டும். எங்கள் பேரப் பிள்ளைகளும் பக்கத்து வாங்கில் இருக்கட்டும், ழகரம் வராமல் தடுமாறட்டும், அம்மம்மா சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பால் எந்தப் பிள்ளையும் டொக்டரிடம் போகப் பயப்படாது. எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அப்படியொரு நாடகம் எழுதித் தருகிறேன் என்று ஒழுங்கமைப்பாளருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் எழுதத்தான் போகிறேன். கதிரையில் இருக்கப் போகும் மூதாட்டி யாரென்பதை முதலிலேயே தீர்மானித்து விட்டேன். அவர் பாடம் நடத்தும்போது பின்னிக் கொண்டிருப்பார். யாரும் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.